அரையடி பின்னால்

போன வாரம் படிக்காமல் விட்டவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் காபியைக் குடித்து முடிக்கலாம்.

ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒரே ஃபுட்பால் கிளப். கேப்டன் பின்வரிசையின் நடுவில் நிற்பவர், வயது முப்பத்தைந்து. லேசில் யாரும் தாண்ட முடியாது என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர் பூட்டு. அவருடைய மனைவி அதே அணிக்கு பிசியோ. யாருக்குக் கால் பிசகினாலும் அவள் கைக்குத்தான் வந்தாகவேண்டும். அணியில் எல்லாரும் அவளை அக்கா என்று கூப்பிடுவதால், "இத்தனை மச்சானுங்களை வச்சுக்கிட்டு எந்த மனுஷன் நிம்மதியா விளையாடுவான்?" என்று கேப்டன் அலுத்துக்கொள்வதுண்டு. அதில் நிஜ மச்சான் ஒருவன்தான். அவளுடைய கூடப்பிறந்த தம்பி, லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையில் இடது ஓரம், இருபத்துமூன்று வயது, அவர்கள் வீட்டு மாடி அறையில் வாசம். குழந்தையிலிருந்து ஓர் இடத்தில் உட்கார்ந்ததில்லை, அதனால் பெயர் வாலு.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் கேப்டன் "ஏறு!" என்று கத்தினார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்வரிசை நாலு பேரும் ஒரே மூச்சில் முன்னால் பாயவேண்டும். எதிரணிக்காரன் அவர்களுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான், லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார், ஆஃப்சைடு, கதை முடிந்தது. அன்றைக்கு மூன்று பேர் ஏறினார்கள். வாலு அரையடி பின்னாலேயே நின்றுவிட்டான். கொடி மேலே போகவில்லை. பந்து கோலுக்குள் போனது.

மறுநாள் காலையில், மேல் லீக்கின் பெரிய கிளப் ஒன்று வாலுவை எடுக்கப்போகிறது என்று செய்தி வந்தது. ஊர் சும்மா இருக்குமா? புது கிளப்புக்காகக் காலைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்கிறான், அதனால்தான் பாயவில்லை என்று முடிவே கட்டிவிட்டது. அன்றிலிருந்து கேப்டன் மச்சானோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

உண்மை என்ன என்று போன வாரம் மாடி அறையில் பார்த்தோம். வாலுவின் இடது தொடைக்குப் பின்னால் தசை கிழிந்திருந்தது. எழுபதாவது நிமிஷமே கிழிந்துவிட்டது. மாற்று ஆட்களை எல்லாம் இறக்கி முடித்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். "அக்கா, அடுத்த வாரம் வியாழக்கிழமை அங்க மெடிக்கல் டெஸ்ட். யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் மூச்சு விடவில்லை. கோச்சிடம், "தசை இறுக்கம், வேற ஒண்ணுமில்ல" என்றாள். பதினோரு வருஷ வேலையில் அவள் சொன்ன முதல் பொய்.

இனி சனிக்கிழமை. சீசனின் கடைசி ஆட்டம். தோற்காமல் இருந்தாலே போதும், லீக்கில் தங்கிவிடலாம். தோற்றால் கீழ் லீக். கீழே போனால் அணியைக் கலைத்துவிடப் போவதாக கமிட்டி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது.

*

வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் பேசிக்கொள்ளவில்லை என்றால் நடுவில் இருக்கிற பொம்பிளை தபால்காரி ஆகவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ!

"அவனைப் பத்து மணிக்குக் கீழ வரச் சொல்லு. வண்டி கிளம்பிடும்." கேப்டன் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

அவன் மாடிப்படியில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"மாமாகிட்ட சொல்லுக்கா, நான் பஸ்ல வந்துக்கறேன்னு."

"நீங்களே பேசிக்குங்களேன் ரெண்டு பேரும்! எனக்கு வேற வேலை இல்லையா?"

வாலு படியிறங்கத் தொடங்கினான். கேப்டன் ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டு, அந்தக் காலடிச் சத்தம் அடங்கும்வரை அப்படியே இருந்தார். பையன் நடந்து வரும் சத்தம்கூட ஆகாத அளவுக்குக் கோபம் முற்றிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தம்பி வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

"என்னங்க, அவன் வேணும்னு நின்னிருக்க மாட்டான்."

கேப்டன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். ஆறு நாளில் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"வேற எதுக்கு நின்னான்? காரணம் ஏதாவது இருந்தா சொல்லேன்."

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும்? கேப்டன் கோச்சிடம் போவார், கோச் கமிட்டியிடம் போவார், சாயங்காலத்துக்குள் பெரிய கிளப்புக்குத் தெரிந்துவிடும். நாலு வருஷமாக அந்தப் பையன் காத்துக்கிடந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

"இல்ல... சும்மா சொன்னேன்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

*

கிளப்பின் சிகிச்சை அறையில் ஒரு மேஜை, ஓர் ஐஸ் பெட்டி, சுவர் நிறைய டேப் உருளைகள். அவள் கையில் கணுக்காலைக் கொடுக்காமல் யாரும் மைதானத்தில் இறங்குவதில்லை. அந்த நேரத்தில்தான் எல்லார் வீட்டுக் கதையும் வெளியே வரும். இன்றைக்கு ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை. கோல்கீப்பர், ஆறரை அடி உயரம், பெயர் கொக்கு, அவன் மட்டும் கேட்டான்.

"அக்கா, வாய்க்கும் ஏதாவது டேப் இருக்கா? பல்லு கிடுகிடுன்னு ஆடுது."

"சும்மா கிடடா."

வாலு கடைசியில் வந்தான். கதவைச் சாத்தினான். மேஜையில் குப்புறப் படுத்தான். அவள் கட்டைவிரலால் தொடையின் பின்பக்கம் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் விரல் லேசாக உள்ளே இறங்கியது. அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

"குறையவே இல்லடா."

"குறைஞ்சிடுச்சுக்கா. முந்தாநாள் கத்தினேன், இன்னிக்குக் கத்தலைல்ல?"

"வாயைப் பொத்திக்கிட்டா குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தமா? வேகமா ஒரு ஓட்டம் ஓடினா மொத்தமா கிழிஞ்சிடும். ஆறு மாசம் படுக்கணும், தெரியுமா?"

"எனக்குப் பதிலா நிக்க யாரு இருக்கா, சொல்லு? ரெண்டாவது லெஃப்ட் பேக்குக்கு சிவப்பு அட்டை, இன்னிக்கு ஆட முடியாது. இருக்கிறவன் அந்த இடத்துல நின்னதே இல்ல. நான் இல்லாம தோத்தா, ஊரு என்ன சொல்லும்? ஓடிட்டான்னு சொல்லும். மாமாவும் அதையேதான் நினைப்பாரு." அவன் குரல் உடைந்தது. "அவரு என்னை அப்படி நினைச்சுட்டாருக்கா."

அவள் டேப்பைச் சுற்றினாள். இறுக்கி, மேலும் கீழும் குறுக்காக, நாலு அடுக்கு. ஆத்திரமும் பாசமும் ஒரே சமயத்தில் முட்டிக்கொண்டு வந்தன.

வெளியே கோச் நின்றிருந்தார். கையில் ஆட்டக்காரர்கள் பட்டியல்.

"பையன் எப்படி இருக்கான்? வாரம் பூரா சைக்கிள்தான் மிதிச்சான், ஒரு ஓட்டம் ஓடல. தொண்ணூறு நிமிஷம் தாங்குவானா?"

"தாங்குவான் கோச்."

கோச்சிடம் இரண்டாவது பொய், முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

*

நாலு மணிக்கு விசில். சொந்த மைதானம், சொந்த ஜனம், ஆனால் வாலு காலில் பந்து பட்டபோதெல்லாம் கேலரி 'ஊ' என்று ஊளையிட்டது. ஒருத்தர் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார். "காலைப் பத்திரமா வச்சுக்க தம்பி! அழுக்காயிடப் போகுது!"

அவள் கோச்சுக்கு மூன்று இருக்கை தள்ளி, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் தம்பியின் இடது காலைவிட்டு நகரவில்லை. அவன் பந்தைத் துரத்தவில்லை. பந்து எங்கே வரும் என்று கணக்குப் பண்ணி முன்கூட்டியே போய் நின்றான். ஓடவேண்டிய இடத்தில் நடந்தான், தள்ளவேண்டிய இடத்தில் தோளைக் கொடுத்தான். விவரம் தெரியாதவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. ஊளை அதிகமாயிற்று.

முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. எதிரணிக்கு ஜெயித்தே தீரவேண்டும், அதனால் இரண்டாம் பாதியில் மொத்தப் பேரும் இந்தப் பக்கம் வந்து கூடாரம் அடித்தார்கள்.

"பூட்டு! ஏறச் சொல்லு! வரிசையை மேல கொண்டு போ!" கோச் எல்லைக் கோட்டுக்கு வந்து தொண்டை கிழியக் கத்தினார்.

கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் இன்றைக்கு ஒரு தடவைகூட 'ஏறு' என்று கத்தவில்லை. ஓர் ஆட்டத்துக்கு நாற்பது தடவை கத்துகிறவர், ராத்திரி தூக்கத்தில்கூடக் கத்துகிறவர். வரிசை மொத்தமும் கோல் பாக்ஸ் ஓரமாகவே நின்றது. அங்கே நின்றால் பின்னால் ஓட இடமில்லை, துரத்தவேண்டிய அவசியமும் இல்லை. கேப்டன் எப்போதும் நிற்கிற இடத்தைவிட நாலு எட்டு இடதுபக்கம் தள்ளி நின்றார். வாலு பக்கமாக. வாலுவைத் தாண்டிப் பந்து வரும்போதெல்லாம் அங்கே அவர் இருந்தார்.

நம்பிக்கை இல்லாமல் காவல் காக்கிறாரா? அல்லது...

"ஏம்மா." கோச் அவள் பக்கம் குனிந்தார். "எனக்கு இன்னும் ஒரே ஒரு மாற்றம்தான் பாக்கி. வாலு ஓடற மாதிரியே தெரியல. அவனை எடுத்துடட்டுமா? இல்ல, முன்னாடி ஒரு ஆளைப் போடட்டுமா? உண்மையைச் சொல்லு, கால் சரியா இருக்கா இல்லையா?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஒரு தலையாட்டல் போதும். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான். பிறகு நிமிர்ந்து, கேலரி ஊளையிட ஊளையிட, பந்தை எட்டி வெளியே தள்ளினான்.

"ஆடட்டும் கோச்."

கோச் கடைசி மாற்றத்தை முன்வரிசைக்குச் செலவழித்தார். மூன்றாவது பொய். அதோடு வழியெல்லாம் அடைபட்டுவிட்டது.

எண்பத்திரண்டாவது நிமிஷம். எதிரணியில் புதிதாக இறங்கியவன், குச்சி போல இருப்பான், காற்று மாதிரி ஓடினான், வாலுவை வலதுபக்கம் ஏமாற்றி இடதுபக்கம் தாண்டினான். வாலு திரும்பினான். கால் வரவில்லை. குச்சிக்காரன் கோலுக்குப் பத்தடி தூரத்தில் நின்று மொத்த பலத்தையும் போட்டு உதைத்தான்.

குறுக்கே கேப்டன் விழுந்தார். பந்து அவர் முகத்தில் இடித்து, கோல் கம்பத்துக்கு வெளியே போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

ரெஃப்ரி கையசைப்பதற்கு முன்பே அவள் பையோடு ஓட ஆரம்பித்துவிட்டாள். போய் மண்டியிட்டாள். உதடு பிளந்து ரத்தம் கழுத்துவரை வழிந்திருந்தது.

"என்னங்க! என்னைப் பாருங்க. இது எத்தனை விரல்?"

"மூணு. எனக்கு ஒண்ணுமில்ல." அவர் ரத்தத்தைத் துப்பினார். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "அவனைப் பாரு. இடது தொடை மொத்தமா போயிடுச்சான்னு பாரு."

அவள் கையிலிருந்த பஞ்சு அப்படியே நின்றது.

"உங்களுக்கு..."

"ரத்தத்தை நிறுத்து. கார்னர் இருக்கு."

ரெஃப்ரி அதட்டினார். "ரத்தம் நிக்காம உள்ள விடமாட்டேன். வெளிய கூட்டிட்டுப் போங்க." வேறு வழியில்லை. அவள் அவரைக் கோட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்து, உதட்டுக்குள் பஞ்சைத் திணித்து அழுத்தினாள். உள்ளே அணி பத்துப் பேராக, பூட்டு இல்லாமல், மூலையிலிருந்து வரப்போகிற கார்னர் உதைக்கு நின்றது. யார் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். கொக்கு கோலுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தான், ஒருவர் காதிலும் ஏறவில்லை.

கேப்டன் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"மச்சான்!" மைதானமே திரும்பிப் பார்க்கிற குரல். ஆறு நாளுக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. "தூரக் கம்பத்துக்குப் போடா! கம்பத்தைப் பிடிச்சுக்க! நகராத!"

வாலு ஒரு நொடி அவரையே பார்த்தான். பிறகு நொண்டிக்கொண்டு போய்த் தூரக் கம்பத்தின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான்.

பந்து பறந்து வந்தது. எதிரணி ஆள் ஒருவன் எல்லார் தலைக்கும் மேலே எழும்பி முட்டினான். கொக்குவின் விரலைத் தாண்டிவிட்டது. கோலுக்குள் போகிற பந்து. கேலரியில் பாதிப்பேர் தலையில் கைவைத்துவிட்டார்கள். வாலுவுக்கு எட்டக்கூடியது இடது கால் ஒன்றுதான். அந்தக் காலையே வீசினான். கோல் கோட்டின்மேல் இருந்த பந்து கேலரிவரை போய் விழுந்தது, வாலு வலைக்குள் விழுந்தான். அவன் போட்ட கூச்சல் இந்தப் பக்கம்வரை கேட்டது.

"அய்யோ, என் தம்பி!" என்று அவள் வாய்விட்டே கத்திவிட்டாள்.

அவன் எழுந்தான். அவளை வரவேண்டாம் என்று கையாட்டினான். மாற்று ஆள் இல்லை, வெளியே போனால் பத்துப் பேர்தான் மிச்சம் என்று அவனுக்குத் தெரியும். மீதி எட்டு நிமிஷமும், அதற்கு மேலே கொடுத்த நாலு நிமிஷமும் அவன் இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே அந்த மூலையில் நின்றான். கேப்டன் உதட்டுப் பஞ்சோடு உள்ளே வந்து அவனுக்கும் சேர்த்து ஓடினார். முப்பத்தைந்து வயசு மனுஷன், இரண்டு ஆள் ஓட்டம். ஊளை எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. கடைசி விசில் அடித்தபோது கேலரி முழுக்க வாலுவின் பெயரைத்தான் சொல்லிக் கத்தியது.

கோல் இல்லை, தோல்வி இல்லை. அணி தப்பித்துவிட்டது.

*

டிரெஸ்ஸிங் ரூமில் ஒரே கும்மாளம். சிகிச்சை அறையில் சத்தமே இல்லை. மேஜையில் வாலு குப்புறக் கிடந்தான். டேப்பைப் பிரித்ததும் அவள் பார்த்தாள். காலையில் விரல் நுனி இறங்கிய இடத்தில் இப்போது ஒரு குழியே விழுந்திருந்தது. தொடை முழுக்கக் கருநீலம்.

கேப்டன் நாற்காலியில் உட்கார்ந்து உதட்டில் ஐஸை அழுத்திக்கொண்டிருந்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" அவள் கேட்டாள்.

"திங்கட்கிழமை காலைல. மாடிப்படில ஒவ்வொரு படிக்கும் வலது காலை வச்சு இடதை இழுத்துக்கிட்டு வந்தான். பதினேழு வருஷமா பின்வரிசைல நிக்கறேன். பக்கத்துல நிக்கறவனுக்கு எந்தக் கால் வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

வாலு தலையைத் தூக்கினான். "அப்ப நான் காலைப் பொத்தி வச்சுக்கிட்டேன்னு நீங்க நினைக்கலையா மாமா?"

"நீயா? உனக்கு அந்த அளவுக்கு மூளை ஏதுடா?"

வாலு அழுதுகொண்டே சிரித்தான். கேப்டன் சிரிக்கவில்லை.

"அப்புறம் ஏங்க ஆறு நாளா அவனோட பேசாம இருந்தீங்க?"

"பேசினா கேட்டிருப்பேன். கேட்டா அவன் பொய் சொல்லியிருப்பான். அவன் சொன்னாலும் பரவாயில்ல, சின்னப் பையன், பயம்." ஐஸை எடுத்தார். "நான் காத்துக்கிட்டிருந்தது உனக்காக. இன்னிக்குக் காலைல வாயை விட்டே கேட்டேன். நீ சும்மா சொன்னேன்னு சொன்ன."

அவள் பிரித்த டேப்பைச் சுருட்டிக் கூடையில் போட்டாள்.

"எனக்கு முட்டி வலிச்சா உன்கிட்டதான் வர்றேன். நீ ஒண்ணுமில்ல, போய் ஆடுங்கன்னு சொன்னா, மறுபேச்சு பேசாம போய் ஆடறேன். டாக்டர் சொன்னாக்கூட நம்ப மாட்டேன், நீ சொன்னா நம்புவேன். இனிமே நீ ஒண்ணுமில்லைன்னு சொன்னா, நான் அதை என்னன்னு எடுத்துக்கறது?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தாள்.

"அக்கா, எங்க போற?" வாலு பதறினான். "வேணாம்க்கா! வியாழக்கிழமை தாண்டிட்டா போதும். எப்படியாவது சமாளிச்சுக்கலாம்."

"வியாழக்கிழமை நீ நடக்கவே மாட்டடா. எதைச் சமாளிப்ப?"

*

கோச்சின் அறையில் அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, சீசன் முழுவதற்குமாகச் சேர்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்மா! உன் தம்பி இன்னிக்கு என் மானத்தைக் காப்பாத்திட்டான். தங்கம்!"

"அவன் தொடை கிழிஞ்சிருக்கு கோச். இன்னிக்கு இல்ல, போன ஞாயித்துக்கிழமையே. எனக்குத் தெரியும். உங்ககிட்ட மறைச்சேன்."

அவர் முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துபோனது.

"காலைல கேட்டேன். ஆட்டத்துக்கு நடுவுலயும் கேட்டேன். உன்னை நம்பித்தானேம்மா கடைசி மாற்றத்தைச் செலவழிச்சேன்? அந்தப் பையன் கால் இனிமே தேறலைன்னா யாரு பொறுப்பு? நாளைக்குக் காலைல கமிட்டி கேக்கும், அந்தப் பெரிய கிளப் கேக்கும். கிழிஞ்ச காலோட ஒருத்தனை இறக்கியிருக்கீங்களே, யாருய்யா பண்ணினதுன்னு கேப்பாங்க. நான் ஒரு பேரு சொல்லியாகணும். சொன்னா அந்த ஆளுக்கு வேலை இருக்காது, தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான் பேசறேன். என் பேரைச் சொல்லுங்க."

கதவு இடித்துத் திறந்தது. வாலு ஒற்றைக்காலில், சுவரைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"அக்கா பொய் சொல்றாங்க கோச்! அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இறுக்கம்தான்னு நான் ஏமாத்தினேன். என் பேரைச் சொல்லுங்க."

"தசையைத் தொட்டுப் பார்க்கிறவளை நீ ஏமாத்தினியா? யார்கிட்டடா கதை விடற?" கோச் மேஜையைத் தட்டினார். "ரெண்டு பேர்ல யாரு? எனக்கு ஒரு பேருதான் வேணும்!"

"மூணு இருக்கு."

வாசலில் கேப்டன். உதடு வீங்கி, வார்த்தை பாதியாகத்தான் வந்தது.

"எனக்கும் திங்கட்கிழமையிலிருந்து தெரியும். நான் கேப்டன், உங்ககிட்ட முதல்ல வந்து சொல்லவேண்டியவன் நான்தான். சொல்லல. இன்னிக்கு நீங்க ஏறச் சொல்லிக் கத்தினீங்க, நான் ஏறலை. ஏன்னா இவனால ஏற முடியாதுன்னு எனக்குத் தெரியும். கமிட்டிகிட்ட பேரு சொன்னா என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. இவங்க ரெண்டு பேரை மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க."

கோச், பதினேழு வருஷமாகத் தன்னிடம் ஒரு பொய் சொல்லாத மனிதனை மேலும் கீழும் பார்த்தார். பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெளிய நில்லுங்க. மூணு பேரும்."

கதவு சாத்திக்கொண்டது. மூன்று பேரும் நடைபாதையில் நின்றார்கள். டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து பாட்டும் கைதட்டலும் வந்துகொண்டிருந்தன. வாலு சுவரில் சாய்ந்து நழுவப் பார்த்தான். கேப்டன் அவன் அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அவள் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

உள்ளே கோச் யாரையோ போனில் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினான். அவளோ அந்தப் பேச்சைக் கேட்கவே இல்லை. வேலை போனால் போகட்டும், இந்த மனுஷன் ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்தால் போதும் என்று அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.